கத்தி படாத பாத்திரம்

என் சித்திக்கு அருவருப்பு கொஞ்சம் ஜாஸ்தி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைச் சிந்திவிட்டுக் கம்பியைப் பிடித்தால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே வருவாள். கரண்டியை வாயில் வைத்து ருசி பார்க்கிறவர்கள் வீட்டில் விருந்து என்றால் வயிற்றுவலி வந்துவிடும். கல்யாணமான புதிதில் சித்தப்பா ஆசையாகத் தான் பாதி குடித்த டீயை நீட்டினாராம். "நீங்களே குடிங்க, எனக்கு வேற போட்டுக்கறேன்" என்றாளாம். அன்றைக்குச் சுருங்கிய முகம் இன்னும் முழுசாக விரியவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவள் போய் ஊருக்கெல்லாம் சமைக்கிற வேலைக்கு வந்தாள் பாருங்கள், அதுதான் வேடிக்கை. கை மணம் அப்படி. முதலில் ஒரு மாணவர் விடுதியில் சமைத்தாள். மாவு டிரம்முக்குள் பூனை படுத்துத் தூங்குவதைப் பார்த்த அன்றே ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள். அடுத்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் சமையலறை. அங்கே ஒருத்தன் சூப் கொதிக்கிற அண்டாவுக்கு மேலே கொடி கட்டித் தன் ஈரச் சாக்ஸைக் காயப்போட்டான். அந்த வேலையும் போயிற்று. மூன்றாவதாகக் கிடைத்ததுதான் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக் கேன்டீன். இதை மட்டும் அவளால் விட முடியவில்லை. பெயின்டராக இருந்த சித்தப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்துவிட்டார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இவள் ஒருத்திதான்.

நான் பிரிட்ஜ் மெக்கானிக். ஒவ்வொரு சமையலறையிலும் பிரிட்ஜுக்குப் பின்னால் என்னென்ன கிடக்கும் என்று தெரிந்த பிறகும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிற தைரியசாலி. எலி செத்து நாறிய கம்ப்ரஸரைத் திறந்துவிட்டு, கை கழுவி, நேராகப் பிரியாணி பொட்டலத்தைப் பிரித்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட எனக்கே குமட்டலை வரவழைத்த ஒரே ஆள் அந்தக் கேன்டீன் மேனேஜர்தான். அவனுக்கு அடுக்களையில் வைத்திருந்த பெயர் 'சடக்கு'.

பெயருக்குக் காரணம் அவன் கத்தி. மடக்குக் கத்தி. எங்கேயோ விளம்பரம் பார்த்து வரவழைத்தது. கைப்பிடி நீல நிறம். அதன் மேல் தங்க நிறத்தில் ஒரு டிராகன் சுருண்டு கிடக்கும். டிராகனுக்குக் கண்ணாக இரண்டு சிவப்புக் கல். தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே பச்சையும் ஊதாவும், அந்த நிறத்தில் அலகு. பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன முளையைக் கட்டைவிரலால் லேசாக நெம்பினால் போதும், மிச்சத்தை உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். 'சடக்' என்று அலகு வெளியே வந்து நிற்கும். வீட்டு ஷோகேஸில் பொம்மைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சாமான். இவன் அதைப் பேன்ட் பாக்கெட்டில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டு, டிராகன் வால் வெளியே தெரிகிற மாதிரி இன் பண்ணிக்கொண்டு திரிவான். தினமும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களாம். தினமும் கழுவ வேண்டும் என்று போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்தக் கத்தி செய்யாத வேலை இல்லை. நகத்து அழுக்கை எடுப்பான். பல்லிடுக்கில் சிக்கியதை எடுப்பான். மேஜைக்கு அடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைச் சுரண்டுவான். சாக்கடை ஜல்லடை அடைத்துக்கொண்டால் அதை நெம்புவதும் அதேதான். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அலகைத் தொடையில் இப்படி ஒரு தேய், அப்படி ஒரு தேய். துடைத்தாகிவிட்டதாம். அந்தப் பேன்ட்டின் வலது தொடையைப் பார்த்தாலே எனக்கு வாயில் எச்சில் ஊறும், பசியில் ஊறுகிற எச்சில் இல்லை.

முதல் தடவை அங்கே நான் போனது ஃப்ரீசர் கதவு சரியாக மூடவில்லை என்று. சடக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கால் ஷூ கழன்றிருந்தது. குதிகாலை மடியில் தூக்கி வைத்து, தடித்த தோலைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தான். ரசித்து ரசித்துச் சீவினான். மெழுகுச் சீவல் மாதிரி தோல் தரையில் விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்க மெக்கானிக். எப்படி ஷார்ப்பு பாத்தீங்களா? பிளேடெல்லாம் இதுக்கிட்ட பிச்சை வாங்கணும்."

அந்த நேரத்துக்குச் சித்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "சார், உருளைக்கிழங்கு ஆயிடுச்சு."

சடக்கு ஷூவை மாட்டினான். கத்தியைத் தொடையில் இரண்டு தேய் தேய்த்தான். மடக்கினான். ஒய்யாரமாக நடந்து போய் அண்டா முன்னால் நின்று, மறுபடி சடக். ஆவி பறக்கிற உருளைக்கிழங்கில் ஒன்றைக் குத்தினான், இன்னொன்றைக் குத்தினான், அடியிலிருந்து ஒன்றைப் புரட்டிக் குத்தினான். பிறகு காரட். பிறகு ஓரத்து அடுப்பில் இருந்த கறி. "ம், வெந்துடுச்சு, ஏத்துங்க" என்றான். அவன் குத்திப் பார்க்காமல் எந்தப் பாத்திரமும் மேலே கவுன்டருக்குப் போகக் கூடாது. அது அவன் போட்ட சட்டம். தரம் பார்க்கிறானாம், கடங்காரன்.

நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன். சித்தி என்னைப் பார்க்கவே இல்லை. அவள் முகம் சுவர் மாதிரி இருந்தது. எனக்கு, இவள் எப்படி இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதுதான் புரியவில்லை.

அவன் மேலே போனதும் சித்தி என்னைக் கூப்பிட்டாள். எண்ணெய் டின்களுக்குப் பின்னால், கீழ்த்தட்டில், மூடி போட்ட ஒரு பாத்திரம். "பசிச்சா இதுலேர்ந்து எடுத்துக்கோ. பெரிய அண்டால கை வைக்காத."

திறந்தேன். அதே உருளைக்கிழங்கு, அதே காரட், அதே கறி. ஒரு துளைகூட இல்லாமல் முழுசு முழுசாக இருந்தன.

அது அந்த அடுக்களையின் வழக்கமாகிவிட்டிருந்தது. மேலே இருந்து சடக்கு இறங்கி வருவதற்கு முன்னால், வெந்ததும் வேகாததுமாக, வேலைக்காரர்கள் நாலு பேருக்கும் உள்ள பங்கை அள்ளித் தனியாக மூடி வைத்துவிடுவார்கள். மிச்சம் இந்தப் பாத்திரத்துக்குள்ளேயே வேகும். பாத்திரம் தேய்க்கிறவர் மாடிப்படிப் பக்கம் நின்று, ஷூ சத்தம் கேட்டால் இருமுவார். காய் நறுக்குகிற அம்மா டின்களை இழுத்து மறைப்பாள். பரிமாறுகிற பையனுக்குக்கூட இது பழகிப்போயிருந்தது. ஒருத்தரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. சித்திதான் ஆரம்பித்தாள், மற்றவர்கள் ஒட்டிக்கொண்டார்கள்.

"எப்படி சித்தி ஆரம்பிச்சுது?"

"ஒரு நாள் சூப்புல விட்டான். கத்தி மடங்கற இடம் இருக்கே, அந்தச் சந்துலேர்ந்து என்னமோ வெளிய வந்து மிதந்துச்சு. கறுப்பா, சுருண்டு. முடியா நகமா தெரியல. அவன் பாக்கறதுக்குள்ள கரண்டியால எடுத்துக் கொட்டிட்டேன்."

"சூப்பையா?"

"அதை மட்டும்தான்."

மடக்குக் கத்தியில் அதுதான் சங்கடம். அலகைத் துடைக்கலாம். அலகு போய்ப் படுத்துக்கொள்கிற பள்ளத்தை யார் துடைப்பார்கள்? முட்டை, எண்ணெய், காலின் தோல், சாக்கடை எல்லாம் அந்த இருட்டுச் சந்தில் ஸ்பிரிங்கோடு சேர்ந்து குடித்தனம் நடத்தும். கொஞ்ச நாள் கழித்து அவனே என்னிடம் கத்தியை நீட்டினான். "ஸ்பிரிங் கொஞ்சம் ஒட்டுது மெக்கானிக், திறந்து எண்ணெய் விடுங்க" என்றான். என் தொழிலில் நான் தொடாத கழிசடை இல்லை. இருந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சின்ன ஸ்க்ரூ சார், என்கிட்ட அளவு இல்ல" என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்த முதல் நாள் எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் நின்று நான் சித்தியைக் கேட்டேன்.

"சரி, நீங்க பொழைச்சுக்கிட்டீங்க. மேல போறது?"

"மேல இருக்கறவங்களுக்குத் தெரியாதுல்ல."

"தெரியாட்டா?"

"தெரியாம தின்னா ஒண்ணும் ஆகாதுடா. இத்தனை நாள்ல யாராவது செத்தாங்களா? தெரிஞ்சு தின்னாத்தான் தொண்டையில நிக்கும்."

"அவன்கிட்ட சொல்லிப் பாக்கக் கூடாதா?"

"சொல்லி? 'நீ யாருடி எனக்குச் சொல்ல'ன்னு வெளிய போகச் சொல்லிட்டா? ஏற்கெனவே ரெண்டு இடத்துல ரோஷப்பட்டு வந்தவ நான். உங்க சித்தப்பாவுக்கு மருந்து நீ வாங்கித் தருவியா? வாயை மூடிட்டு ஃப்ரீசர் கதவு ரப்பரை மாத்து."

வாயை மூடிக்கொண்டு ரப்பரை மாற்றினேன். சோறு போடுகிற வேலை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

அதற்கெல்லாம் பிறகு ஒரு தடவை நான் போனபோது கேன்டீனே தலைகீழாக இருந்தது. அந்தக் கட்டடத்து நிறுவனம் கேன்டீன் ஒப்பந்தத்தை இதே ஆட்களுக்குப் புதுப்பிக்கலாமா, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று முடிவு செய்யும் நாள். நிர்வாக அதிகாரியம்மா நேரில் வந்து சமையலறையைப் பார்த்து, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்வார் என்று ஏற்பாடு. ஒப்பந்தம் போனால் எல்லோருக்கும் வேலை போகும். சித்தி விடியற்காலையிலிருந்து சுவரைத் தேய்த்திருந்தாள். அடுப்பு பளபளவென்று இருந்தது. ஃப்ரீசர் மறுபடி மக்கர் செய்ததால் என்னை அவசரமாக வரவழைத்திருந்தார்கள். மூலையில் குந்தி உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் வேலை பார்க்கும்படி உத்தரவு.

அதிகாரியம்மா அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். நல்ல கெட்டிக்காரப் பெண்மணி. போகிற போக்கில் டைல்ஸ் இடுக்கை விரலால் தடவிப் பார்த்தார், விரல் சுத்தமாக வந்தது. தலையை ஆட்டினார். சித்தியின் கண்ணில் உயிர் வந்தது. சடக்கு புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி பின்னாலேயே வந்தான்.

"எங்ககிட்ட ஒரு சிஸ்டம் இருக்கு மேடம். நானே டெஸ்ட் பண்ணாம எதுவும் மேல வராது."

சொல்லிவிட்டு, சும்மா இருந்திருக்கலாம். சடக். கத்தியை விரித்து உருளைக்கிழங்கில் குத்திக் காட்டினான். அதிகாரியம்மா ஒரு அடி பின்வாங்கினார். "இது என்ன, கிச்சன் கத்தியா?" என்று கேட்டார்.

"ஸ்பெஷல் மேடம். பாருங்க, டிராகன்."

டிராகனைப் பார்க்க விருப்பமில்லாமலோ என்னவோ அவர் பார்வையைக் கீழே இறக்கினார். எண்ணெய் டின்கள் கண்ணில் பட்டன. காய் நறுக்குகிற அம்மா, பாவி, பயத்தில் அந்த டின்களுக்கு முன்னால் போய்ச் சிலை மாதிரி நின்றாள். அவள் அப்படி நிற்காமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது.

"கொஞ்சம் நகருங்க."

பாத்திரம் வெளியே வந்தது. மூடி திறந்தது. நல்ல நல்ல துண்டுகளாகக் கறி, உடையாத கிழங்கு, எல்லாம் ஆவி பறக்க.

"இது யாருக்கு? ஏன் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சடக்குக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. நிஜமாகவே அவனுக்கு அதிர்ச்சி. முகம் சிவந்துவிட்டது.

"திருட்டா? என் மூக்குக்குக் கீழயே திருட்டா? நல்ல துண்டா பொறுக்கி எடுத்து வச்சிருக்காங்க மேடம்! இப்பவே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பறேன்."

"அவங்கதான் எடுத்து வைக்கச் சொன்னாங்க" என்றார் பாத்திரம் தேய்க்கிறவர், சித்தியைக் காட்டி. இத்தனை நாள் இருமிய தொண்டை அது. "ஆமா மேடம், அந்த அக்காதான்" என்றாள் டின் மறைத்த அம்மா. பையன் கூரையைப் பார்த்தான். அந்தப் பாத்திரத்திலிருந்து தினமும் வயிறு நிறையத் தின்ற ஜென்மங்கள்! எனக்கு ஸ்பானரைத் தூக்கி வீசலாம் போல் இருந்தது.

அடுத்தவர் டீயைக்கூடத் தொடாதவளைத் திருடி என்று சொன்னால் பொறுப்பாளா? சித்தி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"திருடல மேடம். இந்த ஆள் கத்தி படாததை எடுத்து வச்சோம். அவ்வளவுதான். இந்தக் கத்தியாலதான் கால்தோலைச் சீவறாரு. நகத்தைக் குடையறாரு. பல்லுக் குத்தறாரு. நேத்து சாக்கடை ஜல்லடையைத் தூக்கினாரு. கழுவவே மாட்டாரு, பேன்ட்டுல தேய்ச்சிட்டு அண்டால விடுவாரு. அதை நாங்க எப்படி மேடம் சாப்பிடறது?"

அடைத்திருந்த குழாய் திறந்துகொண்ட மாதிரி எல்லாம் கொட்டியது. கூட வந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் ஓடினார். நான் மூலையில் உட்கார்ந்து உள்ளுக்குள் கைதட்டினேன். தீர்ந்தான் சடக்கு, இன்றோடு ஒழிந்தது சனியன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அதிகாரியம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "எவ்வளவு நாளா இது நடக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இவரு இந்தக் கத்தியை வாங்கினதுலேர்ந்து."

"நாங்க தினமும் இங்கதானே சாப்பிடறோம்."

"ஆமா மேடம். நீங்ககூடப் போன வாரம் சூப்பு நல்லா இருக்குன்னு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினீங்களே."

பெருமையாகச் சொன்னாள் என் சித்தி. தன் சமையலை ஒருத்தர் மெச்சியதை ஞாபகம் வைத்திருந்து, காப்பாற்றும் என்று நம்பிச் சொன்னாள். சமைக்கிறவள் மட்டுமே அந்த இடத்தில் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல முடியும்.

"நான் வாங்கினேன்" என்றார் அதிகாரியம்மா. "யார் ஊத்தினது?"

சித்திக்கு அப்போதுதான் உறைத்தது.

"கவுன்டர்ல நின்னு நீங்கதானே ஊத்தினீங்க? சிரிச்சுக்கிட்டே ஊத்தினீங்க. அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சு ஊத்தினீங்க. அன்னிக்கு நீங்க இந்தப் பாத்திரத்துலேர்ந்து சாப்பிட்டீங்க."

"என்னால என்ன மேடம் பண்ண முடியும்... வேலை..."

"நாலு பேருக்கு எடுத்து வைக்க முடிஞ்சுதே?"

சடக்கு அதுவரை கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோபப்படுவான், கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் சித்தி பக்கம் திரும்பினான்.

"நானும் அந்த அண்டால இருக்கறதைத்தானேக்கா சாப்பிடறேன். என் பொண்டாட்டி பிள்ளைக்கும் இங்கேர்ந்துதானே எடுத்துட்டுப் போறேன்." அலகை மடக்கினான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கழுவியிருப்பேனே."

அந்தக் கத்தியை மேஜை மேல் வைத்தான். யாரும் அதைத் தொடவில்லை.

அவன் பொய் சொல்கிறான், வேஷம் போடுகிறான் என்று நினைத்துக்கொள்ள நான் எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை. அந்த மனுஷனுக்கு அது அழுக்கு என்றே தெரியாது. அழுக்கிலேயே பிறந்து வளர்ந்த ஆள் மாதிரி, நிஜமான குழப்பத்தோடு, தான் குத்தியதையே தின்று, தன் குழந்தைக்கும் ஊட்டியிருக்கிறான். எனக்குக் குமட்டியது. ஆனால் யாரை நினைத்துக் குமட்டுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதிகாரியம்மா கிளம்பும்போது சித்தியிடம் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"அவருக்குச் சுத்தம்னா என்னன்னு தெரியல. திட்டிக் கத்துக்கொடுக்கலாம். உங்களுக்கு நல்லாத் தெரியும். உங்க கையால இனிமே ஒரு வாய் தண்ணிகூட நான் வாங்க மாட்டேன்."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மேனேஜர் சொந்தக் கத்தியோடு சமையலறைக்குள் வரக்கூடாது என்று ஒரு நிபந்தனை. சமையல்காரியை மாற்ற வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை. இருமியவர், டின் மறைத்தவள், கூரையைப் பார்த்தவன் மூவரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். சடக்கு மரக்குச்சியால் குத்திப் பார்க்கிறானாம், ஒவ்வொரு தடவையும் கழுவி. துப்பலாம் போல இருக்கிறது, எங்கே துப்புவது என்றுதான் தெரியவில்லை.

வேலை போன அன்று சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனேன். வழக்கம் போல் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. சித்தப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையணை அணைத்து, தட்டை மடியில் வைத்தாள். எனக்கும் போட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் வேணும்னா அந்த மேனேஜர்கிட்ட பேசிப் பாக்கவா சித்தி?" என்றேன். "மனுஷன் அப்படி ஒண்ணும்..."

"அவன் சொன்னது நிஜமாடா?" என்று இடைமறித்தாள். "சொல்லியிருந்தா கழுவியிருப்பானா?"

சித்தப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இல்லை சித்தி, அவன் ஏமாத்துக்காரன், சொன்ன அன்றைக்கே உன்னை வெளியே தள்ளியிருப்பான் என்று சொல்வதுதான் மரியாதை. ஆறுதல் சொல்லத்தான் நானும் போயிருந்தேன். ஆனால் கால்தோலைச் சீவிக்கொண்டிருந்தவன் முகத்தை விட, மேலே தூக்கிக்கொண்டு போன அண்டாதான் என் கண் முன்னால் நின்றது.

"கழுவியிருப்பான்" என்றேன்.

சித்தி தலையை ஆட்டினாள். சோற்றில் கை வைத்தாள். ஒரு கவளம் எடுத்து வாய் வரைக்கும் கொண்டு போனாள். அப்படியே திரும்பத் தட்டில் வைத்தாள்.

"என்ன ஆச்சு? சாப்பாட்டுல ஏதாவது கெடக்கா?" என்று கேட்டார் சித்தப்பா.

"இல்லீங்க. சோறு சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லி, தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.